கேசவனின் ரெரா எண்

கட்டுமானத் திட்டத்தை அரசிடம் பதிவு செய்தால் கிடைக்கும் ரெரா எண் இல்லாமல் ஃபிளாட்டுக்கு விளம்பரம் போடக் கூடாது என்பது சட்டம். சட்டத்துக்குப் பயந்த கிஷோர், தான் கட்டிய ஃபிளாட்டின் விளம்பரத்தில் கேசவனின் எண்ணைத் திருடிப் போட்டுவிட்டான்.

படூரில் இருந்த கிஷோரின் ஆபீசுக்குள் இரும்புக் கம்பியும் கையுமாக நுழைந்தார் பில்டர் கேசவன். கண்ணாடிக் கதவு நொறுங்கியது. உள்ளே மூன்று பேர் நின்றிருந்தார்கள். கிஷோரின் உதடு ஏற்கெனவே கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையிலா இருந்தார் கேசவன்?

முதல் அடியிலேயே கிஷோரின் முழங்கை முறிந்தது.

"இவங்க முன்னாடி சொல்றா. அது யாரு நம்பரு?"

"உன்னுதுதான் அண்ணாத்த."

"சத்தமா சொல்லு." அடுத்த அடி முதுகில் விழுந்தது.

"ரெரா நம்பரு கேசவன் அண்ணாத்தையோடதுதான்," என்று அலறினான் கிஷோர்.

கேசவன் மூச்சு வாங்க அந்த மூவரையும் பார்த்தார். "கேட்டுக்கினீங்களா? அது என் நம்பரு."

ஒருவன் போய் ஷட்டரை இறக்கினான்.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்று தரையில் கிடந்தபடி அவர்களிடம் முனகினான் கிஷோர். "நான் வெறும் புரோக்கரு. கட்னது இவருதான்."

"அந்த நம்பர நம்பித்தான் ஃபிளாட் வாங்குனோம்," என்றான் மூவரில் மூத்தவன். "நேத்து பால்கனி இடிஞ்சி வுயுந்து எங்கம்மா செத்துட்டாங்க."

கேசவன் வாயைத் திறப்பதற்குள் கம்பி அவன் கைக்குப் போயிருந்தது.