மணல்மேட்டுக்குப் பின்னால்

"அம்மா, அது குழறுது. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

கேட்காமல் என்ன! வடகடல் கரையிலிருந்த அந்தச் சரணாலயம் முழுக்கக் கேட்டது. ஈர மணலில் தனியே கிடந்த கடல்நாய்க்குட்டி கைக்குழந்தை மாதிரியே அழுதது.

ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து தாய் கலாதேவியைக் கடல் காட்டக் கூட்டிவந்த சுபானிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தாள்.

"கிட்டப் போகாதீர்கள்" என்று காவலர் பெண் ஜெர்மன் மொழியில் மறுபடியும் சொன்னாள். "தாய் தண்ணீரில்தான் எங்கேயோ நிற்கும். ஆட்கள் நின்றால் கரைக்கு வராது. வராவிட்டால் குட்டி பட்டினியால் செத்துவிடும். மணல்மேட்டுக்குப் பின்னால் போங்கள்."

"எங்கை தாய்? ஒண்டையும் காணேல்லை. விட்டிட்டுப் போட்டுது. நான் தூக்கப்போறன்."

"வா பிள்ளை, போவம்" என்றாள் கலாதேவி. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அதுதான் சுபானிக்குச் சுரீரென்று ஏறியது.

"ஓம், போங்கோ! பிள்ளையை விட்டிட்டுப் போறது உங்களுக்குப் பழக்கம்தானே. எட்டு வயசிலை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரன்ரை கையிலை என்னைப் பிடிச்சுக் குடுத்தனீங்கள். கட்டுநாயக்கா எயார்போட்டிலை திரும்பித் திரும்பிப் பார்த்தன். நீங்கள் அங்கை இல்லை."

கலாதேவி திரும்பி வந்து மகளின் கையைப் பிடித்து, இழுக்காத குறையாக மணல்மேட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

குட்டியின் அழுகை நிற்கவில்லை. சுபானி எழும்புவதும் தாய் பிடித்து இருத்துவதுமாக நேரம் போனது.

பிறகு அலைக்குள்ளிருந்து ஒரு கறுத்த தலை எழும்பியது. சுற்றிப் பார்த்தது. வயிற்றால் ஊர்ந்து கரையேறி, நேராகக் குட்டியிடம் போனது. அழுகை நின்றது.

"இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டுதான் நிண்டிருக்கு" என்றாள் சுபானி, குரல் இறங்கி.

"ஓம்." கலாதேவி கடலையே பார்த்தபடி பேசினாள். "அந்த ஏஜென்சிக்காரனைத்தான் உன்ரை அப்பா எண்டு பாஸ்போட்டிலை போட்டிருந்தது. என்னைக் கண்டு அம்மா எண்டு கத்தினால் பிடிபட்டிடுவாய் எண்டு சொன்னவன். நான் தூணுக்குப் பின்னாலை நிண்டனான். வார் அறுந்த செருப்பைக் கையிலை தூக்கிக்கொண்டு உள்ளுக்குப் போனாய்."

செருப்பு அறுந்த கதையைச் சுபானி இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.