வாசல் காத்த குக்கி

அமலோற்பவத்தின் கணினியில், பிரவுசருக்கு உள்ளே, வெளிச்சம் பாதித் தூக்கத்தில் மிதக்கும் ஓர் ஊர் இருந்தது. அங்கே அவளுடைய மின்னஞ்சல் வாசலில் வந்தவரை நினைவு வைத்துக்கொள்ளும் சின்னக் கோப்பான ஒரு கிழட்டுக் குக்கி காவல் இருந்தது. அவள் வந்தால் யாரென்று கேட்காமல் உள்ளே விடுவது அதன் வேலை. "நான் இல்லாவிட்டால் இந்த அம்மாவுக்குத் தன் வீட்டுக்கே வழி தெரியாது" என்று மார்தட்டிக்கொள்ளும்.

பக்கத்தில் ஒரு விளம்பரக் குக்கி. அவள் பார்த்த செருப்பு, தேடிய மருந்து எல்லாவற்றையும் வெளியே கோள்சொல்லிப் பிழைப்பது. சுற்றிலும் தற்காலிகக் கோப்புகள், பழைய படங்களின் நிழல்களாக, மூட்டை மூட்டையாய் உறங்கின.

ஒரு மத்தியானம், பக்கங்கள் திறக்க நேரமாகிறதென்று அலுத்துக்கொண்டு, அமலோற்பவம் பிரவுசரில் சேர்ந்த குப்பையைத் துடைக்க உட்கார்ந்தாள்.

"அண்ணே, என்னையும் உங்க ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று விளம்பரக் குக்கி கெஞ்சியது.

"பயந்தாங்கொள்ளி! என் பின்னால வந்து நில்லு. அம்மாவோட கடவுச்சொல்லே என் கையிலதான். என்னை யார் தொடுவா?"

அவள் குக்கிகள் என்ற கட்டத்தில் குறியிட்டாள். தற்காலிகக் கோப்புகளுக்கும் குறியிட்டாள். கடவுச்சொற்கள் என்ற கட்டத்தை மட்டும் தொடாமல் விட்டு, பொத்தானை அழுத்தினாள்.

மூட்டைகள் பஞ்சாய்ப் பறந்தன. விளம்பரக் குக்கி கரைந்தது. தானும் கரைந்துகொண்டே காவல் குக்கி வாசலைப் பார்த்தது. அவள் மறுபடி மின்னஞ்சலுக்கு வர, அழிக்காமல் விட்ட கடவுச்சொல் எங்கிருந்தோ எழுந்து வந்தது. அமலோற்பவத்துக்குக் கதவு திறந்தது. அந்தப் படியிலேயே புதுக் குக்கி ஒன்று பிறந்து, கண்ணைக்கூடத் திறக்காமல் முனகியது:

"நான் இல்லாவிட்டால் இந்த அம்மாவுக்கு வழியே தெரியாது."