படபடப்பின் தாளம்

ஆதிரை சாப்பிட உட்கார்ந்ததும் மேசையிலிருந்த கருவி தானாக வாசிக்கத் தொடங்கும். உணவைக் கண்டாலே நடுங்கும் அவளுக்காக மருத்துவமனை கொடுத்தது அது. மேசையில் இருப்பவர்களின் இதயத் துடிப்பைக் கேட்டு, அதற்கேற்ப அப்போதைக்கப்போது இசை அமைக்கும். இசை சீராக ஓடினால் ஆதிரையின் கை வாய்க்குப் போகும்.

அம்மா செண்பகம் எதிரே உட்கார்ந்தால் மட்டும் தாளம் தடுமாறியது. இன்றைக்காவது சாப்பிடுவாளா என்ற அவளுடைய படபடப்பும் அதற்குக் கேட்டுவிடும். உடனே ஆதிரை எழுந்துவிடுவாள்.

"கொஞ்ச நாள் நீங்க வேற ரூம்ல இருங்கம்மா" என்றார் டாக்டர்.

அதிலிருந்து மகள் சாப்பிடும்போதெல்லாம் செண்பகம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றாள். இசை கேட்கும்வரை மகள் சாப்பிடுகிறாள் என்று அர்த்தம்.

இன்று அது பாதியில் நின்றுபோனது. செண்பகம் கதவில் கை வைத்தாள். வெளியே போனால் எல்லாம் கெட்டுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்தது. தட்டோடு ஆதிரை.

"பாட்டு நின்னுபோச்சாடி?"

"நான்தான் நிறுத்தினேன். தனியா சாப்பிடப் பிடிக்கலம்மா."

"நான் பக்கத்துல இருந்தா உனக்குப் பயம் வந்துடுமே."

"வரட்டும். ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே சாப்பிடலாம். நீ ஏதாவது பாடு."

தரையில் உட்கார்ந்தார்கள். செண்பகம் வாழ்நாளில் பாடியதில்லை. ஏதோ முனகினாள். ஆதிரை நடுங்கும் விரல்களால் இட்லியைப் பிட்டாள்.

"சுருதியே சேரலம்மா" என்றாள், மென்றுகொண்டே.