துளி விழும் முன்பே

குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவளுடைய காவலாளிகள், கண்ணாடித் தட்டுகளில் வளரும் உயிரணுக்கள். தண்ணீரில் காட்மியம் போன்ற நச்சு உலோகம் இருந்தால் அவற்றுக்குள் ஒரு மரபணு விழித்துக்கொள்ளும். உலோகத்தைக் கட்டிப்போடும் புரதத்தை உண்டாக்கும். கூடவே பச்சையாக மினுங்கும். கண்ணும் மூக்கும் இல்லாததுகளுக்கு இத்தனை சாமர்த்தியமா என்று அவளுக்கு அலுக்காத வியப்பு. துத்தநாகத்துக்கும் அவை விழிக்கும் என்பதால், தினமும் ஏதாவது ஒரு தட்டில் துத்தநாகத் துளி விட்டு, காவல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள்.

அன்று மூன்றாம் தட்டில் விடலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தாள். அது ஏற்கெனவே மினுங்கிக்கொண்டிருந்தது.

"நேத்தே விட்டுட்டு மறந்திருப்பே," என்றாள் பக்கத்து மேசைத் தோழி.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஏழாம் தட்டை நினைத்துக்கொண்டு வந்தாள். ஏழாவது மினுங்கியது.

"பலே கில்லாடிங்கதான் நீங்க!" என்றாள், பெற்ற பிள்ளை பரிசு வாங்கிய பெருமையோடு.

அதற்கடுத்த நாள் எந்தத் தட்டையும் நினைக்கவில்லை. எல்லாத் தட்டுகளும் மினுங்கின. ஊருக்கெல்லாம் போகும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, உலோகம் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. திரும்பினால், தட்டுகளில் பச்சை இன்னும் கூடியிருந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "பாப்பாவுக்குக் குழாய்த் தண்ணி குடுக்காதீங்க. நீங்களும் குடிக்காதீங்க."

"ஏன், தண்ணிக்கு என்ன ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆகலை."