ஆறு கிலோ மிளகாய்த்தூள்

நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை.

"எல்லாம் சரியாக ஓடுகிறது, மேடம்" என்றார் ரெனாத்தோ. அந்த பாக்கெட் போடும் இயந்திரத்தைச் செய்த இத்தாலியப் பொறியாளர். அவளைப் போலவே அவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான்.

ஓடியது உண்மைதான். நிமிடத்துக்கு அறுபது பாக்கெட். ஒரு துளி சிந்தவில்லை.

ஆனால் உள்ளே இருந்தது உப்பு.

வாசலில் கார் நின்றது. இயந்திரம் சரி என்று கையெழுத்துப் போட்டால் வெனிஸ் சுற்றிப் பார்க்கலாம்.

இத்தாலிக்கு வந்து மூன்று நாள். ஓட்டலில் காலைச் சாப்பாடு முழுக்க இனிப்பு. காபியைச் சொப்புச் சாமானில் கொடுத்தார்கள், ஒரே மடக்கு. முதல் நாள் இன்னொன்று கேட்டாள், பிறகு இன்னொன்று. இன்று காலை காபி போடுபவர் அவளைக் கண்டதுமே மூன்று கப்பை வரிசையாக வைத்துவிட்டார். மத்தியானம் தொழிற்சாலையே ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிட்டது.

எல்லாம் பிடித்திருந்தது. உப்பு மட்டும் பிடிக்கவில்லை.

ஈரோட்டில் அவளுடைய கம்பெனி விற்பது மிளகாய்த்தூள்.

பதினோரு வருடத்துக்கு முன் இதே போல ஓர் இயந்திரத்தைப் பார்க்க மேனேஜர் சென்னியப்பன் வேறொரு நாட்டுக்குப் போனார். உப்பில் ஓடியதைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பனிமலையில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஈரோட்டில் அது இரண்டாம் நாளே அடைத்துக்கொண்டது. மிளகாய்த்தூளில் எண்ணெய் உண்டு. புனலில் அப்பிக்கொள்ளும். மணிக்கொரு தடவை பெண்கள் கையை விட்டுச் சுரண்டினார்கள். சூப்பர்வைசர் ஆகும்வரை நாலு வருடம் அவளும் சுரண்டினாள்.

அவர்கள் இன்னும் சுரண்டுகிறார்கள்.

இந்தத் தடவை சென்னியப்பனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதனால்தான் அவள்.

"ஒரு கையெழுத்துத்தானுங்க மரகதம். போட்டுட்டு நாலு இடம் சுத்திப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

மரகதம் பெட்டியைத் திறந்தாள். இரண்டு புடவை. மீதி இடமெல்லாம் மிளகாய்த்தூள். ஆறு கிலோ.

"இதைப் போட்டு ஓட்டுங்கள்."

ரெனாத்தோ சிரித்தார். ஒப்பந்தத்தில் 'தூள்' என்றுதான் எழுதியிருக்கிறது என்றார். உப்பும் தூள்தானே என்றார்.

அவள் ஒரு நாற்காலியை இயந்திரத்துக்கு முன் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

கார் ஒருமுறை ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. பிறகு கிளம்பிப் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் புனலில் மிளகாய்த்தூள் விழுந்தது.

முதலில் கணினி முன் இருந்தவர் தும்மினார். அடுத்து ரெனாத்தோ. அப்புறம் கூடமே தும்மியது. யாரோ ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினார்கள்.

அவள் தும்மவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தோராவது பாக்கெட்டில் இயந்திரம் நின்றது.

அந்த நேரம் பார்த்து சென்னியப்பன் போன் செய்தார்.

"வெனிஸ் போயிட்டீங்களா?"

"இல்லீங்க. மெஷின் நின்னு போச்சுங்க."

"அட, அதெல்லாம் இங்க வந்ததும் பார்த்துக்கலாங்க. கையெழுத்தப் போட்டுட்டு வாங்க."

"இங்கயே பார்த்துக்கறேனுங்க."

வைத்துவிட்டாள்.

தும்மல் அடங்கியதும் ரெனாத்தோ சட்டைக் கையை மடித்தார். புனலைக் கழற்றி, கையுறைகூடப் போடாமல் தானே சுரண்ட ஆரம்பித்தார். நடுவில் கண்ணைத் துடைக்கப் போனார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

கால் மணி நேரத்தில் உள்ளங்கை எரியத் தொடங்கியது. குழாயைத் திறந்து தண்ணீரில் பிடித்தார். சோப்புப் போட்டார். குறையவில்லை.

"எவ்வளவு நேரம் எரியும்?" என்று கேட்டார்.

மரகதம் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். சுரண்டிச் சுரண்டிக் காய்த்துக் கருத்துப்போன தன் வலது உள்ளங்கையை அவர் உள்ளங்கைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

ரெனாத்தோ அதை வெகுநேரம் பார்த்தார்.

பிறகு உள்ளே போய்ப் புனலின் வரைபடத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தார்.

"எங்கே ஒட்டும்? காட்டுங்கள்."