சனிக்கிழமை முகம்

"சிரிக்காதீங்கப்பா. நேரா இங்க பாருங்க."

மகன் கைப்பேசியை நீட்டினான். அப்பா தலையணையில் சாய்ந்தபடியே தாடையைச் சற்று உயர்த்தி, அவன் கேட்டபடி ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினார். படம் பதிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தான். தங்கை போட்டு வந்த டீ ஆறுவதற்குள் படியிறங்கிப் போயும் விட்டான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடிப்படியில் உருண்டு விழுந்து அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனபோது, அவரை இவள் தலையில் கட்டிவிட்டு நழுவியவன் அண்ணன். அதற்கப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச மாதங்களாகத்தான் சனிக்கிழமை தவறாமல் வருகிறான். வந்ததும் ஒரு படம், அந்த நாலு வார்த்தை, பிறகு ஓட்டம்.

ஆனால் அந்த நாலு வார்த்தைக்காக அப்பா வாரம் முழுக்க ஏங்கிக் கிடந்தார். முதுகில் புண் வந்துவிடக் கூடாதே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு புரட்டிப் படுக்க வைக்கிற மகளிடம் எரிந்து விழுகிற மனிதர், சனிக்கிழமை காலையில் குழந்தையாகிவிடுவார். சவரம் செய்துவிடு என்பார். வெள்ளைச் சட்டையை மாட்டிவிடு என்பார். ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கச் சொல்வார், வெளிச்சம் முகத்தில் அளவாக விழ வேண்டுமாம். ஸ்டுடியோ வைத்து ஊராருக்கெல்லாம் படம் எடுத்தே பிள்ளைகளை வளர்த்தவர், தொழில் புத்தி எங்கே போகும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவன் போன பிறகு பொழுது சாயும் வரை, பெரியவன் இளைத்துவிட்டான், சரியாகச் சாப்பிடுவதில்லை போல, என்று அதே பேச்சுத்தான்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் வரவில்லை. அப்பா வெள்ளைச் சட்டையோடு மாலை வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கூப்பிட்டுப் பார்த்தாள், போன் அணைந்திருந்தது.

திங்கட்கிழமை கதவைத் தட்டியது வேறொருவர். கழுத்தில் அடையாள அட்டை. தெருவோரங்களில் நிறுத்தி வைத்திருக்கும் கார்களை, செயலியில் பதிவு செய்கிறவர்களுக்கு வாடகைக்கு விடும் கம்பெனியிலிருந்து வருவதாகச் சொல்லி, அப்பாவின் பெயரைச் சரிபார்த்துக்கொண்டார்.

"இவர் பேர்ல எடுத்த கார் திரும்பி வரலைங்க. வண்டி எங்க இருக்குன்னு காட்டுற கருவியைப் பிடுங்கி சாக்கடையில போட்டிருக்காங்க."

வீடு மாறி வந்துவிட்டார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். கட்டிலைக் காட்டினாள். "தானா திரும்பிப் படுக்கவே முடியாதவருங்க. இவரா கார் ஓட்டினாரு?"

அந்த ஊழியர் பொறுமையாக விளக்கினார். லைசென்ஸ் இவருடையது, இன்னும் செல்லுபடியாகும். லைசென்ஸுக்கு உரியவர் ஒவ்வொரு முறையும் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால்தான் கார் கதவு திறக்கும். ஏதாவது பழைய போட்டோவைக் காட்டி யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சிமிட்டல். சொல்லிக்கொண்டே கையிலிருந்த திரையை அவள் பக்கம் திருப்பினார்.

வரிசையாக அப்பா. அதே தலையணை, அதே ஜன்னல். முதல் படத்தில் மட்டும் தாடி மண்டிக் கிடந்தது. போகப் போக மழித்த முகம், வெள்ளைச் சட்டை, அளவாக விழுந்த வெளிச்சம். எல்லாம் அவள் கையால் தயார் செய்து கொடுத்தவை.

அண்ணன் சனிக்கிழமைதோறும் வந்து படம் எடுத்துப் போனதை அவள் சொன்னாள். பெற்றவரின் முகத்தையே கள்ளச்சாவியாக்கிக்கொண்டு போயிருக்கிறான் பாவி.

ஊழியர் இரக்கமுள்ள மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். போலீஸில் இன்றே புகார் கொடுக்கப் போகிறார்கள். மகன் ஏமாற்றிப் படம் எடுத்தான், தனக்கு எதுவும் தெரியாது என்று பெரியவர் சொல்லிவிட்டால் மகன் மேல்தான் வழக்கு. தெரிந்தே முகம் காட்டியிருந்தால் இவரும் உடந்தை. படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று விட்டுவிட மாட்டார்கள்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்று அவள் முந்திக்கொண்டாள். "பிள்ளை ஆசையா போட்டோ எடுக்கிறான்னு நம்பிட்டாரு. சொல்லுங்கப்பா."

அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசையா எடுக்கிறவன் சிரிக்கச் சொல்லுவாம்மா. நான் எத்தனை பேரைச் சிரிக்க வெச்சு எடுத்திருக்கேன். சிரிக்காதீங்கன்னு அவன் சொன்ன அன்னைக்கே இது வேற எதுக்கோன்னு தெரிஞ்சுபோச்சு. பஸ்ஸுல போறேன்னுட்டு இறங்குவான், கீழே கார் கிளம்புற சத்தம் கேட்கும். நான் ஜன்னலோரமாத்தானே கிடக்கேன்."

அவள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள், பேச வேண்டாம் என்று. அவர் நிறுத்தவில்லை. காரைக் கடத்திக்கொண்டு போவான் என்று மட்டும் நினைக்கவில்லை, மற்றதெல்லாம் தெரியும் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். ஊழியர் எழுதாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரிஞ்சும் ஏம்ப்பா முகத்தைக் காட்டினீங்க?" என்றாள் அவள்.

அப்பா, முள்ளாய் முளைத்திருந்த தாடியைத் தடவிக்கொண்டார்.

"மாட்டேன்னு சொல்லியிருந்தா, அடுத்த சனிக்கிழமை அவன் வந்திருப்பானாம்மா?"