தொட்டியில் வளர்ந்தவை

மீட்டரில் பூஜ்யம்தான் இருந்தது.

சென்னையிலிருந்து சோதித்துப் பார்க்க வந்திருந்த அதிகாரிகள் மூன்று பேரும் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்கள். கரித்தகடுகளும் கம்பிகளும் அசையாத தண்ணீரில் கிடந்தன.

பிரின்ஸி தன் ஆராய்ச்சிக்காக இந்தத் தொட்டியில் நான்கு வருடமாகக் கிருமி வளர்த்துவந்தாள். திருக்காட்டுப்பள்ளி பெண்கள் விடுதியின் கழிவுநீர் இதற்குள் வரும். தகடுகளில் ஒட்டி வாழும் கிருமிகள், லேசான மின்சாரத்தின் துணையோடு, அதிலுள்ள நைட்ரஜனைப் பிரித்துக் காற்றில் விட்டுவிடும். நேற்று மாலைவரை விட்டுக்கொண்டிருந்தன; மீட்டரும் ஓடிக்கொண்டிருந்தது.

பிரிக்காவிட்டால் அந்த நைட்ரஜன் நிலத்தில் இறங்கும். பக்கத்துத் தெருக் கிணறுகளில் ஏற்கெனவே இறங்கிவிட்டது. கைக்குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்க வேண்டாம் என்று கிணற்றுச் சுவரில் எழுதியிருக்கிறார்கள்.

இன்று இவர்கள் முன்னால் இது ஓடியிருந்தால் ஊருக்கே பெரிய தொட்டி கட்ட அனுமதி வந்திருக்கும்.

“என்னம்மா ஆச்சு?” வந்தவர்களில் மூத்தவர் கேட்டார். “வெளியிலேர்ந்து ஏதாவது கலந்துடுச்சா? அப்படின்னா சொல்லுங்க. இன்னொரு தடவை வந்து பார்க்கறோம்.”

பிரின்ஸி நிமிர்ந்தாள். அவர்களுக்குப் பின்னால் அவள் அப்பா மரியஅந்தோணி நின்றார். விடுதியில் மோட்டார் பார்ப்பவர். சலவைச் சட்டை போட்டு, கையில் காபித் தட்டு வைத்திருந்தார்.

“இல்ல சார். நான் செஞ்ச முறையே தப்பு. இது ஓடாது.”

மூத்தவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

கார் போனதும் பிரின்ஸி பழைய குழாயைத் திறந்துவிட்டாள். விடுதிக் கழிவு முன்போலவே நேராக வாய்க்காலுக்கு ஓடியது. வாய்க்காலுக்கு அப்பால் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது.

அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“விடு பாப்பா. எல்லாருக்கும் எல்லாமா வந்துடுது?”

அவள் மீட்டரின் கம்பிகளைக் கழற்றத் தொடங்கினாள்.

“என்னால ஆனதை நானும் செஞ்சேன். பெரிய மனுஷங்க வராங்க, நாறக் கூடாதேன்னு விடியக்காலையிலயே ரெண்டு வாளி பிளீச்சிங் பவுடர் கரைச்சு தொட்டியில ஊத்தினேன். ஒருத்தராவது மூக்கைப் பொத்தினாங்களா, சொல்லு?”

காலையில் தொட்டியின் மூடியைத் திறந்தபோதே, கிருமியைக் கொல்லும் அந்த நெடி அவள் முகத்தில் அடித்திருந்தது. அவர்கள் வருவதற்குள் அடங்கிவிட்டது.

கிருமி வளர்ப்பதாகச் சொன்னால் அருவருப்பார் என்று, தண்ணீரைக் கரண்ட் வைத்துக் கழுவுவதாகத்தான் அவரிடம் இத்தனை நாளும் சொல்லி வந்திருந்தாள்.

“இல்லப்பா,” என்றாள். “யாருமே பொத்தல.”